அம்மாவின் மாத்திரை டப்பாவில் மெக்னீசியத்துக்கு இடம் உண்டா?

போன மாதம் ஓசூரிலிருந்து வந்த தம்பி, ஆன்லைனில் வாங்கிய ஒரு பாட்டிலை அம்மா கையில் கொடுத்தான். மெக்னீசியம் கிளைசினேட். அம்மாவுக்கு 63 வயது. ராத்திரியில் கெண்டைக்கால் சதை சுருட்டிப் பிடித்துக்கொள்கிறது, எழுந்து உட்கார்ந்து தேய்த்தால்தான் விடுகிறது என்று நான்கைந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தம்பியோடு வேலை செய்பவரின் அம்மாவுக்கு இந்த மாத்திரையில் சரியாகிவிட்டதாம். "காலையில மத்த மாத்திரையோட சேர்த்துப் போட்டுக்கம்மா" என்றான். அந்தச் 'சேர்த்து' என்ற சொல்தான் எனக்கு உறுத்தியது.

ஏனென்றால் அம்மாவின் டப்பாவில் ஏற்கெனவே நான்கு மாத்திரைகள் இருக்கின்றன. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின். பிரஷருக்கு, டெல்மிசார்டானும் குளோர்தாலிடோனும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை. சுகருக்கு மெட்ஃபார்மின். சாப்பாட்டுக்கு முன்னால் போடும் கேஸ் மாத்திரை, பான்டோபிரசோல். சுகர் மாத்திரையை, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே வந்து கொடுக்கிறார் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மாதாமாதம் பஸ் ஏறி வரிசையில் நிற்க முடியாத எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரஷர் மாத்திரை ஒரு தனியார் டாக்டர் எழுதியது. தைராய்டுக்கு வேறொருவர். கேஸ் மாத்திரை மூன்று வருடத்துக்கு முன் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தது; அம்மா நிறுத்தவே இல்லை, தீரும்போதெல்லாம் மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்கிறார்.

இப்போது ஐந்தாவதாக ஒன்று. எழுதிக் கொடுத்தவர்களில் யாருக்கும் முழுப் பட்டியல் தெரியாது. அதைப் பார்க்கிற ஒரே இடம் எங்கள் வீடுதான். அதனால் எது நல்ல மெக்னீசியம் என்று தேடுவதற்கு முன்னால், அம்மாவின் டப்பாவுக்கு எது ஒத்துவரும் என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் முன்னால் இருந்த வழிகள் இவை: தம்பி கொண்டுவந்ததையே போடுவது, வேறு வகை மெக்னீசியம் வாங்குவது, மாத்திரையே இல்லாமல் களி, கீரை, பயறு என்று சாப்பாட்டில் பார்த்துக்கொள்வது, இல்லையென்றால் மெக்னீசியம் குறைகிறதா, குறைந்தால் எதனால் என்று முதலில் கண்டுபிடிப்பது.

எந்த வழியானாலும் முதலில் சிறுநீரகத்தைத்தான் பார்க்க வேண்டும். உடம்பில் மிஞ்சும் மெக்னீசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம். அது நன்றாக வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடினால் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இரத்தத்தில் தங்கிச் சேரும். குமட்டல், முகம் சூடாகிச் சிவப்பது, அசதி, தூக்கக் கலக்கம், கை கால் பலமில்லாமல் போவது, பிரஷர் இறங்குவது, நாடித் துடிப்பு மெதுவாவது என்று போய்க் கடைசியில் மூச்சையும் இதயத்தையும் பாதிக்கும். பத்துப் பதினைந்து வருடம் சுகரும் பிரஷரும் இருக்கிறவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் தளர்ந்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது. கிரியாட்டினின் பரிசோதனை செய்தால் அதிலிருந்து, சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணைக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். அது 30-க்குக் கீழே இருந்தால் மெக்னீசியம் மாத்திரை எந்த வகையும் வேண்டாம், டாக்டரே எழுதிக் கண்காணித்தால் தவிர. 30-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. அம்மாவுக்கு 68 வந்தது. அதற்கு அப்புறம்தான் மற்றதைப் பேசவே ஆரம்பித்தோம்.

மெடிக்கலிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் வகைகளில் அதிகம் தெரிந்தது ஆக்சைடு. விலை குறைவு, எடையில் 60 சதவீதம் சுத்த மெக்னீசியம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் கொஞ்சம்தான் குடலில் உறிஞ்சப்படுகிறது. மிச்சம் குடலிலேயே நின்று தண்ணீரை இழுத்து வயிற்றை இளக்கும். சிட்ரேட்டில் சுத்த மெக்னீசியம் சுமார் 16 சதவீதம். ஆக்சைடைவிட நன்றாக உறிஞ்சப்படும், ஆனால் இதுவும் வயிற்றை இளக்கக்கூடியது. மலச்சிக்கல் உள்ளவருக்கு அது நல்லதுதான். மெட்ஃபார்மின் போடுகிறவருக்கு? மெட்ஃபார்மினே பலருக்கு வயிற்றைக் கலக்கும். அதோடு இதையும் சேர்த்தால், பஸ்ஸில் தருமபுரி போய்வருவதே அம்மாவுக்குப் பயமாகிவிடும். கிளைசினேட்டில் சுத்த மெக்னீசியம் 14 சதவீதம்தான், விலையும் அதிகம். ஆனால் வயிற்றுக்கு மென்மையானது. அந்த வகையில் தம்பி தேர்ந்தெடுத்தது தப்பில்லை.

லேபிளைப் படிக்கும்போது பலர் ஏமாறுவது எடையில்தான். முன்பக்கம் '2000 மி.கி. மெக்னீசியம் கிளைசினேட்' என்று பெரிதாக இருக்கும். அது முழு உப்பின் எடை. சுத்த மெக்னீசியம் அதில் 280 மி.கி. அளவுதான், அதுவும் இரண்டு மாத்திரைக்குச் சேர்த்து. 400 மி.கி. ஆக்சைடு மாத்திரை ஒன்றிலோ 240 மி.கி. இருக்கும். பின்பக்கச் சிறிய எழுத்தில் 'எலிமென்டல்' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மாத்திரையாக எடுப்பதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் மேல்வரம்பு நாளைக்கு 350 மி.கி.; ஐரோப்பாவில் 250. சாப்பாட்டில் வருவதற்கு இந்த வரம்பு பொருந்தாது.

பேதி உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மெக்னீசியம் சல்ஃபேட். வெந்நீரில் போட்டுக் கால் ஊறவைத்தால் இதமாக இருக்கும், செய்யலாம். விலை குறைவாக இருக்கிறதே என்று மெக்னீசியத்துக்காக அதைத் தினமும் கரைத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம்.

சரி, நேரத்துக்கு வருவோம். என் கணக்கில், எந்த உப்பு என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிது.

மெக்னீசியம் சில மருந்துகளோடு குடலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியது இரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். மருந்தை விழுங்கியிருப்போம், ஆனால் அது வேலை செய்யாது. தைராக்சின் அப்படிப்பட்டது. இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான். தம்பி சொன்னபடி காலையில் ஒன்றாகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு மூன்று மாதத்தில் அம்மாவின் டிஎஸ்எச் (தைராய்டு குறையும்போது ஏறும் இரத்தப் பரிசோதனை எண்) ஏறியிருக்கும். அதைப் பார்த்து டாக்டர் தைராக்சின் அளவைக் கூட்டியிருப்பார். தைராய்டு குறைந்தால் தசைப்பிடிப்பும் வரும் என்பது இதில் இன்னும் வருத்தமான விஷயம். காலுக்குப் போட்ட மாத்திரையே கால் வலியைக் கூட்டியிருக்கும், யாருக்கும் காரணம் தெரிந்திருக்காது.

ஆன்டிபயாடிக் இன்னொன்று. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் எல்லாம் மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்கிறவை. மருந்து இரத்தத்தில் போதுமான அளவு சேராவிட்டால் கிருமி சாகாது. சிப்ரோஃப்ளாக்சசினை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஆன்டிபயாடிக் போடுகிறவர் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். அந்த ஐந்தாறு நாளுக்கு மெக்னீசியத்தை எடுத்து வைத்துவிடுவதுதான் சுலபம். ஒரு வாரம் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட்டும் இப்படித்தான்; அதைக் காலையில் வெறும் தண்ணீரோடு போட்டு, மெக்னீசியத்தை இரவுக்குத் தள்ளிவிடலாம். சுகரால் பாதம் எரிகிறவர்களுக்குத் தரும் கபாபென்டினுக்கு 2 மணி நேர இடைவெளி போதும். கொழுப்புக்குப் போடும் ரோசுவாஸ்டாடினை அலுமினியமும் மெக்னீசியமும் சேர்ந்த கேஸ் டானிக்கோடு குடித்தால் இரத்தத்தில் சேரும் மருந்து பாதியாகக் குறையும். டானிக்கை 2 மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும்.

இந்தக் கேஸ் டானிக்கைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஜெலுசில், டைஜீன் மாதிரியானவற்றில் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. மில்க் ஆஃப் மெக்னீசியா என்று மலச்சிக்கலுக்குக் குடிப்பதும் அதேதான். மெக்னீசியம் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொன்ன சிறுநீரக நோயாளி, நெஞ்சு எரிகிறது என்று தினமும் மூன்று மூடி டானிக் குடித்தால் சொன்னதற்குப் பயனே இல்லை. வீட்டில் பட்டியல் எழுதும்போது டானிக்கையும் எழுதுங்கள்.

பிரஷர் மாத்திரைகள் மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்வதில்லை. மெக்னீசியம் பிரஷரைச் சிறிதளவு குறைக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவர்கள் தொடங்கும்போது கவனமாக இருக்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு போடுகிறவர்கள் மட்டும் தனி. அவை மெக்னீசியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைப்பவை. அதோடு மாத்திரையாகவும் கொடுத்தால் கூடிப்போகலாம். இதயத்துக்கு டிகாக்சின் போடுகிறவருக்கு மெக்னீசியம் குறைந்தாலும் ஆபத்து, டானிக்கோடு சேர்ந்தால் மருந்து உறிஞ்சப்படுவதும் குறையும். இவர்கள் இருவரும் என் கட்டுரையையோ வேறு யார் பேச்சையோ கேட்டு எதையும் தொடங்க வேண்டாம். டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இவ்வளவும் மருந்தை மெக்னீசியம் கெடுப்பதைப் பற்றி. டப்பாவை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு மறுபக்கம் தெரிந்தது. அம்மாவின் நான்கு மாத்திரைகளில் இரண்டு, உடம்பில் இருக்கும் மெக்னீசியத்தைக் குறைப்பவை.

குளோர்தாலிடோன் சிறுநீரை அதிகமாக்கிப் பிரஷரைக் குறைக்கும் 'நீர் மாத்திரை' வகை மருந்து. சிறுநீரோடு பொட்டாசியமும் மெக்னீசியமும் போகும். ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் வேறு விதம். வருடக்கணக்கில் போட்டால் குடலில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதே குறைந்துவிடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்குத்தான் வந்திருக்கிறது. அவர்கள் பார்த்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்தும் அளவு ஏறவில்லை. கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. அம்மா மூன்று வருடம் போட்டிருக்கிறார், அதுவும் யாரும் தொடரச் சொல்லாமலே. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஓட்டையைப் பார்க்க வேண்டாமா?

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே கேஸ் மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். திடீரென்று விட்டால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் வாட்டும். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர்கள், மூட்டு வலிக்குத் தொடர்ந்து வலி மாத்திரை போடுகிறவர்கள், முன்பு வயிற்றில் புண் வந்தவர்கள் ஆகியோருக்கு அந்த மாத்திரை வயிற்றைக் காக்கும் மருந்து. டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

குறைகிறதா என்று தெரிந்துகொள்ள இரத்தப் பரிசோதனை இருக்கிறது. வழக்கமாக எடுக்கும் சுகர், கொழுப்பு, கிரியாட்டினினில் மெக்னீசியம் சேராது. தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு 1.7 முதல் 2.2 மி.கி. வரை சரியான அளவு என்று பெரும்பாலான லேப்களில் போட்டிருப்பார்கள். ஒரு குறை இருக்கிறது: உடம்பின் மொத்த மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் இல்லை, பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. அதனால் இரத்தத்தில் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. குறைந்திருந்தால் மட்டும் நிச்சயம் குறைவுதான். அம்மாவுக்கு 1.6.

இனி களிக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாமல் போக முடியாது. நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 140 மி.கி. மெக்னீசியம் இருக்கிறது. அதே அளவு தீட்டிய அரிசியில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நிலக்கடலையில் 170-க்குக் குறையாது. கொள்ளு, அவரை, தட்டைப்பயறு, கீரை எல்லாவற்றிலும் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 300-லிருந்து 440 மி.கி. வரை தேவை என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளை களி, கொள்ளுக் குழம்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கீரை என்று சாப்பிட்ட நம் பாட்டிகளுக்கு மாத்திரை தேவைப்பட்டிருக்காது. ரேஷன் அரிசி வந்த பிறகு எங்கள் வீட்டிலும் களி வாரத்துக்கு ஒரு நாள் என்றாகிவிட்டது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ராகி என்றால் சுகர் ஏறாது என்பது தப்பு. இரண்டு உருண்டை களி இரண்டு உருண்டைக்கு உண்டான சுகரை ஏற்றத்தான் செய்யும். அம்மாவுக்கு உருண்டையைச் சிறியதாக்கி, கொள்ளையும் கீரையையும் கூட்டிவிட்டோம். இன்னொன்று, தைராக்சின் போட்ட கையோடு ராகிக் கஞ்சி குடிக்கக் கூடாது. கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் அதிகம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பயறிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் கணக்கு வேறு இருக்கிறது, அவர்கள் டாக்டர் சொன்ன உணவுப் பட்டியலை மாற்ற வேண்டாம்.

மெக்னீசியம் போட்டால் கால் பிடிப்பு நிற்குமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் குழுவின் 2020 மதிப்பீடு, வயதானவர்களின் கால் பிடிப்புக்கு மெக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தர வாய்ப்பில்லை என்கிறது. அளவு குறைந்திருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு அதைச் சரிசெய்வது வேறு, கால் பிடிக்கும் எல்லோரும் போடுவது வேறு. படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சி சிலருக்கு நன்றாக உதவுகிறது. செலவும் இல்லை, எந்த மாத்திரையோடும் மோதாது.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஜப்பான் நிதி உதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்ததே அதற்காகத்தான். அதற்கு முன் நாற்பது ஐம்பது வருடம் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் எங்கள் பெரியவர்கள். முதுகு விறைப்பு, மூட்டு மடக்க முடியாத வலி, நாள் முழுவதும் இருக்கும் எலும்பு வலி என்றால் அது மெக்னீசியத்தில் தீராது. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் இரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், சுகர்காரர்கள் முக்கியமாக. பாட்டிலை நம்பி ஆறு மாதம் ஓட்டிவிடக் கூடாது.

எங்கள் முடிவு எல்லா வழிகளிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டதாக அமைந்தது. நான்கு அட்டையையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு, பிரஷர் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தோம். பான்டோபிரசோல் இனி வேண்டியதில்லை என்று சொல்லி, ஒரு மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். பிரஷர் கட்டுக்குள் இருப்பதால் குளோர்தாலிடோன் அப்படியே இருக்கட்டும் என்றார். தம்பி வாங்கிய கிளைசினேட்டில் இரண்டுக்குப் பதில் ஒரு மாத்திரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மாதம். அப்புறம் மறுபடி மெக்னீசியமும் பொட்டாசியமும் கிரியாட்டினினும் டிஎஸ்எச்சும் பார்க்க வேண்டும். தைராக்சின் போடும் நேரம் காலை ஐந்தரை, மெக்னீசியம் இரவு எட்டரை. நடுவே பதினைந்து மணி நேரம்.

யாருக்கு எது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். வேறு மருந்து எதுவும் இல்லாமல், சாப்பாடு மட்டும் சரியில்லாதவர்கள் களிக்கும் கடலைக்கும் திரும்பட்டும், பாட்டில் வாங்க வேண்டாம். நீர் மாத்திரையோ கேஸ் மாத்திரையோ வருடக்கணக்கில் போடுகிறவர்கள் முதலில் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கட்டும். மலச்சிக்கலும் இருந்து, டாக்டரும் மெக்னீசியம் போடலாம் என்றால் சிட்ரேட் போதும். மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்குக் கிளைசினேட் கொஞ்சம் விலை கொடுத்தாலும் தகும். சிறுநீரகம் தளர்ந்தவர்கள் டாக்டர் சொல்லாமல் இவற்றில் எதையுமே தொட வேண்டாம்.

அந்தப் பாட்டிலை மாத்திரை டப்பாவுக்குள் வைக்கவில்லை. காலையில் அவசரத்தில் அம்மா எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டிக்கொள்வார் என்று தெரியும். சமையலறையில் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் அலமாரியில் தட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி அடுக்கும்போதுதான் அவர் கை அங்கே போகும்.